மணி இல்லாத ஊரிலிருந்து

டகோட்டா
1886, ஏப்ரல்

அன்புத் தங்கை சலோமேவுக்கு அக்கா ரோஸீனா எழுதுவது.

கடிதம் கைக்கு வந்தால் வாசலிலேயே நின்று பிரித்துப் படிக்கிற ஆள் நீ. இதை அப்படிப் படிக்காதே. குழந்தையை யாரிடமாவது கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார். அப்பா மணிக்கூண்டிலிருந்து வந்திருந்தால் அவரையும் பக்கத்தில் உட்காரச் சொல். எங்களிடம் புறப்பட்டு வருவதற்காக வீட்டையும் பசுவையும் விற்கப் பேசிக்கொண்டிருப்பாய். யாருக்கு வாக்குக் கொடுத்திருந்தாலும் சரி, இதைப் படித்து முடிக்கிறவரை பொறுக்கச் சொல்.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. அப்படி ஆரம்பித்த இரண்டு தாளை அடுப்பில் போட்டுவிட்டேன். நேராகவே சொல்கிறேன். உன் கிறிஸ்தோஃப் இல்லை, சலோமே. ஜனவரி கடைசியில் அடித்த பனிப்புயலில் போய்விட்டான். மண் இளகின பிறகு, போன சனிக்கிழமைதான் அடக்கம் செய்தோம்.

கொஞ்ச நேரம் அழுதுவிட்டு மேலே படி. நானும் இங்கே பேனாவைக் கீழே வைத்து அழுதுவிட்டுத்தான் மறுபடி எழுதுகிறேன்.

இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். பனி கிடந்தவரை தபால் ஊருக்குப் போக வழியில்லை என்பது பாதி. மீதிப் பாதி என்னவென்றால், அவன் எங்கள் தானியக் கொட்டகையில் போர்வைக்குள் கிடக்கும்போது, அவன் செத்துவிட்டான் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பாறை மாதிரி இறுகிக் கிடந்த மண்ணில் கடப்பாரை இறங்கவில்லை. வேறு எங்கே வைப்பது? மாட்டுக்குத் தீனி எடுக்க நான் தினமும் அங்கே போய் வந்தேன். ஒருநாள் கூடையை எடுக்கிற அவசரத்தில், "கொழுந்தனாரே, கொஞ்சம் நகருங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் புத்தி வந்தது. கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

எப்படி நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு வீட்டு விஷயத்திலிருந்து சொல்ல வேண்டும். அதை உனக்கு எழுத வேண்டாம் என்று கிறிஸ்தோஃப்தான் தடுத்து வைத்திருந்தான்.

அண்ணன் லுட்விக்கும் தம்பி கிறிஸ்தோஃபும் பக்கத்துப் பக்கத்து நிலமாகப் பார்த்துப் பதிவு செய்தார்கள் என்று உனக்குத் தெரியும். நிலம் ரெண்டு என்றால் வீடும் ரெண்டு என்று நம் ஆட்களுக்கு யார் சொன்னது? வயல் எங்கே கிடந்தாலும் வீடுகள் ஒரே தெருவில் தோளோடு தோள் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். உன் அத்தான் லுட்விக்கின் நிலத்தில் ரெண்டு பேருமாகச் சேர்ந்து களிமண் மிதித்து, கல் அறுத்து, நீளமாக ஒரே வீடாகக் கட்டினார்கள். ஒரு பக்கம் நாங்கள், நடுவில் அடுப்பு, மறு பக்கம் கிறிஸ்தோஃப். நீ வந்தால் அந்தப் பக்கம் உனக்கு. உலகத்திலேயே கெட்டிக்காரத்தனமான காரியம் செய்துவிட்ட மாதிரி ரெண்டு பேருக்கும் பெருமை தாங்கவில்லை.

அறுப்பு முடிந்த சமயம் ஒருவன் குதிரையில் வந்து கிறிஸ்தோஃபின் நிலத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான். அதில் குடியிருப்பே இல்லை, எனக்குக் கொடுங்கள் என்று நில அலுவலகத்தில் மனுப் போட்டுவிட்டான். இவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நம் மொழி தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு, உன் தம்பி எங்கே தூங்குகிறான் என்று கேட்டார்களாம். லுட்விக் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னாராம். "எங்ககூடத்தான். ஒரே கூரை. கூடப் பிறந்தவனைத் தனியா விடுவோமா?" அந்தப் பதிலை அப்படியே எழுதிக்கொண்டார்கள். தம்பி அவன் நிலத்தில் குடியில்லை என்று அண்ணன் வாயாலேயே சொல்லியாயிற்று.

இந்தத் தேசத்தில் சட்டம் அப்படி. ஆளுக்கொரு சதுரம் தருவார்கள், அவனவன் சதுரத்தில்தான் அவனவன் சமைக்க வேண்டும், தூங்க வேண்டும். பாவம் பார்த்து, பனி விழுவதற்குள் அவன் தன் நிலத்தில் வீடு கட்டிக் குடியேறினால் மனுவைத் தள்ளுகிறோம் என்றார்கள். எல்லையோரமாக, எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டினாற்போல் கட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். அவன் நிலத்தில் எங்கள் பக்கம் முழுக்கச் சதுப்பு. தண்ணீர் ஊறுகிற மண்ணில் சுவர் நிற்காது. மேட்டில்தான் கட்ட வேண்டும், மேடு அந்தக் கோடியில் இருந்தது. இங்கிருந்து பார்த்தால் வீடு தெரியும், ஆள் தெரியாது.

களிமண் கல் அறுத்துக் காயவைக்க நாள் இல்லை. புல்லோடு மண்ணைப் பெயர்த்துக் கட்டி கட்டியாக அடுக்கி எழுப்பினான். உள்ளே சுண்ணாம்பு அடித்தான். நம் ஊரில் உன் வீட்டு ஜன்னலைச் சுற்றி இருக்கிற நீலக் கரையை இங்கேயும் போட வேண்டுமென்று, என் பெட்டியில் துணிக்குப் போட வைத்திருந்த நீலம் முழுவதையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் சண்டைக்குப் போனேன். "என்ன அண்ணி, மண்ணு வீடுன்னு உங்க தங்கச்சி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாதுல்ல. உங்க துணி கொஞ்ச நாளைக்கு மஞ்சளாவே இருக்கட்டும்" என்றான். எங்கள் துணி இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது.

தனியாகப் போன பிறகுதான் புயலைப் பற்றிப் பேச்சு வந்தது. மணிக்காரர் மகளுக்கு நான் சொல்லவா வேண்டும்? புயலில் ஆள் யாராவது வெளியே மாட்டிக்கொண்டால் அப்பா கூண்டில் ஏறி விடிய விடிய அடிப்பார். வெளியே இருப்பவன் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் வந்துவிடுவான். மணி கேட்டதும் தெருவில் ஒரு ஆண்பிள்ளை வீட்டுக்குள் இருக்க மாட்டான், கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகத் தேடக் கிளம்பிவிடுவார்கள். கிளம்பாமல் அடுப்போரம் உட்கார்ந்திருந்த ஒருத்தனுக்கு எத்தனை வருஷம் ஆகியும் யாரும் பெண் கொடுக்காததை நாமே பார்த்திருக்கிறோம். நாங்கள் இங்கே புறப்பட்டபோது அப்பா கேட்டதும் அது ஒன்றைத்தான், அங்கே மணி இருக்கிறதா என்று.

இங்கே மணி இல்லை. கோயிலே இன்னும் கட்டவில்லை. அதனால் லுட்விக் பழைய கலப்பைக் கொழு ஒன்றைச் சங்கிலியில் கோத்து வாசல் உத்திரத்தில் தொங்கவிட்டார். சுத்தியலால் அடித்தால் காற்று நல்லபடி இருக்கிற நாளில் கிறிஸ்தோஃபின் வீடு வரை கேட்கும். தொங்கவிட்ட அன்றைக்கே தம்பியிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "இது வழி தெரியறதுக்கு மட்டும்தான். சத்தம் கேக்குதுன்னு நீ கிளம்பி வந்துடாத. இங்க தெருவும் கிடையாது, கூட வர ஆளும் கிடையாது." கிறிஸ்தோஃப் சிரித்துக்கொண்டே, "சரிண்ணே, உன் சத்தம் கேட்டா காதைப் பொத்திக்கிறேன்" என்றான். நான் கூட இருந்தேன். அவன் அப்படித்தான் சொன்னான், சலோமே.

அன்றைக்குக் காலையில் நல்ல வெயில். லுட்விக் வைக்கோல் ஏற்றிவரப் போயிருந்தார். நிறைமாதப் பசு ஒன்றைத் தனிக் கொட்டிலில் கட்டியிருந்தோம், அது வலியில் கத்த ஆரம்பித்தது. பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். கன்று பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. கையை முழங்கை வரை உள்ளே விட்டு இழுத்துக்கொண்டிருக்கும்போது வானம் இருண்டு புயல் பிடித்துவிட்டது. கொட்டில் கதவைப் பனி மூடிவிட்டது. பசுவை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்? உள்ளே மாட்டுச் சூட்டில் எனக்குக் குளிர்கூட இல்லை.

லுட்விக் எப்படியோ குதிரைகளின் புண்ணியத்தில் வீடு சேர்ந்திருக்கிறார். அம்மா வெளியே போனாள், வரவில்லை என்று பிள்ளைகள் அழுதிருக்கின்றன. கொட்டிலைத் தேடி ரெண்டு முறை வெளியே போய், நீட்டின கை தெரியாத பனியில் கொட்டிலைக் காணாமல் சுவரைத் தடவித் தடவித் திரும்பியிருக்கிறார். நான் போய்விட்டேன் என்றே முடிவு கட்டிவிட்டார். பிறகு சுத்தியலை எடுத்து அந்தக் கொழுவை அடிக்க ஆரம்பித்தவர், காற்று ஓய்கிறவரை நிறுத்தவில்லை. எனக்குக் காற்றுச் சத்தத்துக்குள் ஏதோ கேட்ட மாதிரி இருந்தது. தகரம் எங்கோ அடித்துக்கொள்கிறது என்று நினைத்துக்கொண்டு பசுவின் மேல் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

காலையில் கதவை உதைத்துத் திறந்து வந்தேன். அவர் கை ரெண்டிலும் தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அந்த மனிதர் குழந்தை மாதிரி சிரித்தார், பிறகு திட்டினார். ரொட்டி சுட்டேன், எல்லோரும் சாப்பிட்டோம், கன்றைப் பற்றிப் பேசினோம். சாப்பிட்டோம் சலோமே, சந்தோஷமாகச் சாப்பிட்டோம். அப்புறம் தண்ணீர் கொட்டக் கதவைத் திறந்த லுட்விக் அங்கேயே நின்றுவிட்டார். "அவன் வீட்டுல புகையக் காணோமே" என்றார்.

அவன் வீட்டில் அடுப்பு அணைந்திருந்தது. மேஜையில் பாதி சாப்பிட்ட சூப். வாசல் கம்பத்தில் கயிற்றின் ஒரு முனை கட்டியிருந்தது. அப்பா கட்டுகிற அதே முடிச்சு. கயிற்றைப் பிடித்துக்கொண்டே போனோம். எங்கள் வீட்டுப் பக்கமாகத்தான் போனது. பனிக்கு அடியிலிருந்து மறு முனையை இழுத்து எடுத்தபோது அதில் ஆள் இல்லை.

எல்லோரிடமும் லுட்விக் கயிறு அறுந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். உனக்கும் அப்படியே எழுதச் சொன்னார். அவர் பேச்சை இந்த ஒரு விஷயத்தில் நான் கேட்கப் போவதில்லை. கயிறு அறவில்லை. இடுப்பு முடிச்சு கையால் அவிழ்த்த முடிச்சு, கயிறு வளைந்த வளைவு அப்படியே இருந்தது. கயிறு நீளம் அவ்வளவுதான், சத்தம் அதற்கும் அப்பால் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. கயிற்றோடு திரும்பியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரோ காணாமல் போயிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு அவனால் திரும்ப முடியவில்லை. காதைப் பொத்திக்கொள்கிறேன் என்று சொன்னவன்தான். மணி அடித்தால் கிளம்பு என்று பிறந்ததிலிருந்து பழக்கின கால் அவன் சொன்னதைக் கேட்கவில்லை. சதுப்பின் கரையில், அவன் வீட்டைவிட எங்கள் வீட்டுக்குக் கிட்டத்தில் கிடந்தான். அவன் தேடிக் கிளம்பியது என்னை. நான் மாட்டோடு தூங்கிக்கொண்டிருந்தேன்.

யார்மேல் கோபப்படுவது என்று உனக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்கும் தெரியவில்லை. ஒருநாள் அந்த மனுப் போட்டவன்மேல், ஒருநாள் நில அலுவலகத்தின்மேல், ஒருநாள் அந்தக் கன்றின்மேல். கிடேரிக் கன்று, நன்றாக வளர்கிறது. அதன் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமலே பால் ஊட்டிக்கொண்டிருக்கிறேன்.

அடக்கத்துக்குப் போதகர் கிடைக்கவில்லை. அடுத்த நிலத்து பல்தசார் பிரசங்கப் புத்தகத்திலிருந்து வாசித்தார். நாம் சாணத்தை மிதித்து வரட்டியாக வெட்டி எரிக்கிறோம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போவாள் என்று முன்பு எழுதினேனே, ஒரு நார்வேக்காரி, அவள் ரொட்டி சுட்டு எடுத்து வந்தாள். நம் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது, என் கையைப் பிடித்துக்கொண்டு முழுவதும் நின்றாள். அவள் வீட்டு அடுப்பிலும் இந்தக் குளிர்காலத்தில் நம் வரட்டிதான் எரிந்தது. அவன் நிலத்து மேட்டிலேயே புதைத்தோம், சதுப்பு நீர் அங்கே வராது. நல்ல சட்டை போட்டுவிட்டேன், நீ தைத்துக் கொடுத்தது. குழந்தையின் முடி என்று நீ அனுப்பியிருந்த சுருளை அவன் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். அதை எடுக்கவில்லை.

மணி மட்டும் அடிக்கவில்லை. நம் ஊரில் பிச்சைக்காரன் செத்தாலும் அப்பா அடிப்பார். பல்தசார் கொழுவை அடிக்கலாமா என்று கேட்டார். லுட்விக் எழுந்து போய்விட்டார். அதைப் புயலுக்கு மறுநாளே இறக்கி, சாக்கில் சுற்றிக் கொட்டகை மூலையில் போட்டுவிட்டார். பெட்டி குழிக்குள் இறங்கும்போது காற்றைத் தவிரச் சத்தமே இல்லை.

இப்போது நிலத்து விஷயம். அந்த மனிதன் மறுபடியும் குதிரையில் வந்து சுற்றினான். ஆள் செத்துவிட்டான் என்று கேள்விப்பட்டிருக்கிறான். பல்தசார் நில அலுவலகத்தில் விசாரித்து வந்தார். இறந்தவனின் பெண்சாதி வந்து நிலத்தைத் தொடர்ந்து நடத்தினால் அது அவள் பேருக்கே பட்டாவாகும், எவனும் கை வைக்க முடியாதாம். பனிக்கு முன்னால் நீ வந்தாக வேண்டும். அதுவரை அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்று, லுட்விக் பொழுது சாய்ந்ததும் அங்கே போய்விடுகிறார். தம்பி கட்டிலில் படுக்கிறார், தம்பி அடுப்பைப் பற்றவைக்கிறார். நான் இங்கே பிள்ளைகளோடு படுத்துக்கொள்கிறேன், அவர் நிலத்துக்கு நான் குடி. ஒருவரையொருவர் புகையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம்.

அவர் என்னோடு அதிகம் பேசுவதில்லை. நான் உயிரோடு இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குச் சந்தோஷமும் வேதனையும் சேர்ந்தே வருகிறது என்று நினைக்கிறேன். உனக்கு எழுதப் போகிறேன் என்று நேற்றுச் சொன்னேன். வாசலைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்தார். "அவ வருவாளான்னு கேளு. வந்தா என் மூஞ்சில முழிப்பாளான்னும் கேளு" என்றார். கேட்டுவிட்டேன். அவருக்கு ஒரு வரி எழுது, நல்லதாகவோ கெட்டதாகவோ. உன் மனசு தெரியாமல் அந்த மனிதரால் இருக்க முடியவில்லை.

நீ வர வேண்டுமா என்று என்னைக் கேட்டால், வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே மரம் இல்லை, தெரு இல்லை, கூப்பிடு தூரத்தில் ஒரு பெண்ணின் குரல் இல்லை. கைக்குழந்தையோடு நீ அந்த மேட்டு வீட்டில் தனியாக ஒரு குளிர்காலம் கழிப்பதை நினைத்தால் பகீர் என்கிறது. வராதே என்று எழுதவும் மனம் கேட்கவில்லை. அவன் உயிரைக் கொடுத்த மண் அந்தக் குதிரைக்காரனுக்குப் போவதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்? உண்மையைச் சொன்னால், நிலம்கூட ரெண்டாவதுதான். எனக்கு நீ வேண்டும். இது என் சுயநலம், அதை அப்படியே எடுத்துக்கொண்டு நீயே முடிவு செய். அப்பாவின் பேச்சையும் கேள், என் பேச்சையும் கேள், கடைசியில் உன் மனசு சொல்கிறபடி செய்.

வருவதாக இருந்தால் நம் ஊர் தர்பூசணி விதை கொண்டு வா. கிறிஸ்தோஃப் வீட்டுக்குத் தெற்கே ஒரு பாத்தியை விதைக்காக முன்பே கொத்தி வைத்திருக்கிறான். அதில் இப்போது களை முளைக்க ஆரம்பித்திருக்கிறது, பிடுங்கிக்கொண்டு வருகிறேன்.

அப்பாவிடம் எனக்காக ஒரு காரியம் கேள். மாப்பிள்ளைக்காக நம் ஊர் மணியை அடிக்கச் சொல். இங்கே அவன் அடக்கத்துக்கு அடிக்காமல் போனது அங்கேயாவது ஒலிக்கட்டும். ஆனால் நல்ல வெயில் நாளாகப் பார்த்து அடிக்கச் சொல், சலோமே. தெருவில் எல்லோரிடமும் முன்கூட்டியே போய்ச் சொல்லிவிடு, யாரும் காணாமல் போகவில்லை, யாரும் கயிறு கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டாம், எல்லோரும் வீட்டிலேயே இருங்கள் என்று.

கர்த்தர் உன்னையும் உன் மகளையும் காக்கட்டும். அவளுக்கு என் முத்தம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா
ரோஸீனா